நீ கட்டிவிட்ட காப்பு

நேற்றுக் காலை மகள் வீட்டுச் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். ஒரே எக்ஸ்டென்ஷனில் ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்க வைக்கிற ஜக், மருமகனின் கம்ப்யூட்டர், மூன்றும் தொங்கிக்கொண்டிருந்தன. சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். கையில் வைத்திருக்க முடியாத சூடு. மகள் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்து, "என்னம்மா, சோறு வெந்துக்கிட்டு இருந்துச்சே!" என்றாள். "சோறு வேகலன்னா ரொட்டி சாப்பிடலாம், வீடு வெந்தா எங்கடி போவ?" என்று நானும் கத்தினேன். பூச்சோங்கில் பதினொன்றாவது மாடியில் இருக்கிற வீடு.

சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, கருகிய பிளக்கை மேசைமேல் வைத்துவிட்டு உனக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். "பாத்தியா, பெரிய படிப்பு படிச்சதுங்க, ஒரு பிளக்கு எவ்வளவு தாங்கும்னு தெரியல" என்று சொன்னால் நீ மூக்கைச் சுருக்கிச் சிரிப்பாய். உன் பேரைத் தேடி விரல் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த எண்ணை இன்னும் நான் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன், யார் என்ன சொன்னாலும் சரி.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று முப்பது வருஷத்துக்குக் கிட்டே என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவசரப்படாதே, வருகிறேன்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். நீ மிளகாய் தாளித்தால் நான் தும்முவேன். நீயும் உன் தங்கையும் அந்தப் பக்கம், நானும் என் வீட்டுக்காரரும் மூன்று வயது மகளும் இந்தப் பக்கம். அவர் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். நீ சுங்கைவே பக்கம் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஆப்பரேட்டர். விடியுமுன் ஃபேக்டரி பஸ் வந்து முனையில் நிற்கும். காலை ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு இறங்கினால், உன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் என் வாசலில் நின்று, "பசியாறிட்டியா?" என்று கேட்பாய். சாயங்காலம் நாலு மணிக்குக் காலைப் பசியாறல் விசாரிக்கிற ஒரே ஆள் நீதான்.

நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். அந்த ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தார்கள். பழுப்பேறிய இரும்புப் பெட்டி, அதன்மேல் ஆட்டுக்கல் கனத்துக்கு ஒரு திரை. நாம் இரண்டு பேரும் டாக்சியிலிருந்து அதை இறக்கிக்கொண்டு வந்ததில் உன் வளையல் இரண்டு உடைந்தது. மஸ்ஜித் இந்தியாவில் இருந்த அச்சுக்கடைக்காரர் கல்யாணக் கார்டுகளைத் தமிழில் டைப் செய்து தரச் சொல்லிக் கொடுப்பார். அப்போது தமிழ் டைப் தெரிந்தவர்கள் குறைவு. என் கையில் தொழில் இருந்தது, வீட்டில் பிள்ளை இருந்தது, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள அந்தப் பெட்டி வழி செய்தது. அந்தப் பெட்டி நின்றால் என் கையும் நிற்கும். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் வீடு பழைய வீடு. முன்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் சாமி மேடைக்குப் பக்கத்தில். முருகன் படத்துக்கு மேலே எரிகிற சிவப்பு பல்புக்காக யாரோ எந்தக் காலத்திலோ வைத்தது. இரண்டே ஓட்டை உள்ள உருண்டை சாக்கெட். கம்ப்யூட்டர் வயரோ மூன்று கம்பி. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு அடாப்டர் வாங்கி வந்து, மூன்றை இரண்டாக்கிச் சொருகினேன். மூன்றாவது கம்பி எதற்கு இருக்கிறது, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது, கும்பிட்டேன், வேலையை ஆரம்பித்தேன்.

முதல் மாசம் கரண்ட் பில் வந்ததும் என் வீட்டுக்காரர் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? "அந்தப் பேய்ப் பெட்டிதான் ரத்தத்த குடிக்குது" என்றார். மறுநாள் சாயங்காலம் நீ வந்து, வாசல் பக்கம் மாட்டியிருந்த மீட்டர் முன்னால் நின்றுகொண்டாய். "எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒண்ணொண்ணா போடு, நான் சக்கரத்த பாக்குறேன்" என்றாய். ஃபேக்டரியில் அப்படித்தான் பழுது கண்டுபிடிப்பார்களாம், ஒவ்வொன்றாக. நான் உள்ளே சுவிட்சைப் போட, நீ வெளியே சத்தமாக எண்ண, எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் சக்கரம் அசைந்து நடந்தது. திரையைப் போட்டதும் கொஞ்சம் வேகம் கூடியது. "இஸ்திரிப் பெட்டிய போடு" என்றாய். போட்டேன். "அடியம்மா, ஓடுது ஓடுது, எண்ண முடியல!" என்று நீ கத்தியது இன்னும் என் காதில் கேட்கிறது.

அன்றைக்கு அவர் லோரியை விட்டு இறங்கி வந்ததும், நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாய். "அண்ணே, ரத்தம் குடிக்கிற பேய் அது இல்ல. உங்க சட்டைதான். வாரம் ஆறு சட்டை, விறைப்பா வேணும்னு கேட்டா கரண்ட் என்ன செய்யும்?" மனுஷர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். தொடாமல் விட்டுத் திரையில் மீன் நீந்துகிற படம் வந்தால் கரண்ட் மிச்சம் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததும் அன்றைக்குத்தான் பொய்யானது. மீன் நீந்தும்போதும் சக்கரம் அதே வேகத்தில்தான் சுற்றியது. "மீனுக்கும் நீதான்டி தீனி போடுற" என்றாய். அதற்குப் பிறகு அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் திரையை அணைத்துவிட்டுத்தான் போவேன். இஸ்திரிப் பெட்டியைக் கம்ப்யூட்டர் அடாப்டரில் சொருகக் கூடாது என்பதும் நீ போட்ட சட்டம்தான்.

இவ்வளவு கவனித்த நமக்கு, அந்த எறும்புக்கடி மட்டும் புரியவில்லை.

ஈரக் காலோடு வந்து பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று கடிக்கும். பெரிதாக ஒன்றுமில்லை, கட்டெறும்பு கடித்த மாதிரி. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் கடிக்காது. ஆனால் சாமி மேடைக்கு ஒரு சாண் தூரத்தில் யார் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருவது? நீயே ஒருநாள் அவசரத்தில் சிலிப்பரோடு உள்ளே வந்து, முருகனைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாய். பெட்டியை வேறு இடத்துக்கு மாற்ற பிளக் பாயிண்ட் இல்லை. சாமியை மாற்ற மனசு இல்லை. "எல்லாக் கம்ப்யூட்டரும் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும்" என்று பெரிய இவள் மாதிரி உன்னிடம் சொன்னேன். நீ நம்பவில்லை. நான் டைப் செய்யும்போதெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

ஒரு சனிக்கிழமை நீ கைப்பையிலிருந்து அதை எடுத்தாய். நீலப் பட்டை, மணிக்கட்டில் சுற்றிக் கட்டுகிற மாதிரி. அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு வயர், வயர் முனையில் ஒரு கவ்வி. ஃபேக்டரியில் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்டதை லைன் லீடரிடம் கேட்டு வாங்கி வந்தாயாம். "எங்க லைன்ல இது இல்லாம சாமானத் தொடவே விடமாட்டாங்க. காலையில போனதும் மொத வேல இதக் கட்டுறதுதான். காப்புன்னுதான் சொல்லுவோம். கரண்ட் கிட்ட வேல செய்யிற ஆளுக்கு இதுதான் பாதுகாப்பு" என்றாய்.

காப்பு. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்களுக்குக் கட்டுகிற அதே சொல். உங்கள் லைனில் எந்தத் தமிழ்ப் பெண் முதலில் அந்தப் பேரை வைத்தாளோ தெரியவில்லை, நீங்கள் எல்லோரும் அதை நம்பிவிட்டீர்கள். நீ அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, என் கையைப் பிடித்து, கொஞ்சம் இறுக்கிக் கட்டினாய். கவ்வியைக் கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பில் மாட்டினாய். "இப்ப தொடு" என்றாய். தொட்டேன். கடி குறைந்ததா, குறைந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. "ஒண்ணுமே இல்லடி!" என்றேன். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஊருக்கெல்லாம் சாமான் செய்து அனுப்புகிற ஃபேக்டரியிலிருந்து உன் கூட்டாளிக்கு என்று ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்ட சந்தோஷம்.

ஒன்றரை மாசம் அதைக் கட்டிக்கொண்டுதான் டைப் செய்தேன். மகள் அழுதால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டும் செய்தேன்.

பிறகு அந்த வயர்மேன் வந்தார். அடுப்படி ஃபேன் சுற்றாமல் நின்று, பல நாள் நச்சரித்த பிறகு வீட்டுக்காரர், அதாவது வாடகைக்கு விட்டவர், அனுப்பிய சீனர். வயசானவர், நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார். ஃபேனைப் பார்த்துவிட்டு முன்கூடத்துக்கு வந்தவர், கையில் பட்டையோடு பெட்டியில் கட்டுண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும், "ஆயோ அக்கா!" என்று போட்ட சத்தத்தில் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். முதல் வேலையாகச் சுவரில் இருந்ததைப் பிடுங்கினார். பட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு திரும்பவும் சொருகி, டெஸ்டரை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு எரிந்தது. வெறும் இரும்பில் விளக்கு எரிகிறது!

மலாயில் மெதுவாக எடுத்துச் சொன்னார். மூன்றாவது கம்பிதான் எர்த். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற கம்பி. அடாப்டர் போட்டு நான் அதைத் துண்டித்துவிட்டேன். அதனால் கசிவு போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது. இப்போதைக்குக் கடிக்கிறதோடு சரி. உள்ளே ஏதாவது ஒரு வயர் விட்டுப்போய் இரும்பில் பட்டால், முழுக் கரண்டும் பெட்டிக்கு வரும். அந்த நேரத்தில் ஆள் பெட்டியோடு கட்டி வைக்கப்பட்டிருந்தால்? கையை விரித்துக் காட்டினார். என் மகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

பட்டையைத் தூக்கிக் காட்டி, "இது ஃபேக்டரிக்காரங்க சொல்ற பாதுகாப்பு" என்று நான் தடுமாறினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இனி ஜாகா பாராங், அக்கா. புக்கான் ஜாகா ஓராங்." இது சாமானைக் காக்க. ஆளைக் காக்க இல்லை.

அவர் போனதும் நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுத வேண்டும். எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை நகர மாட்டேன் என்கிறது.

மூன்றரைக்கு உன் பஸ் வரும் என்று தெரியும். மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, முனைக்குப் போய் நின்றேன். என் கோபம் உனக்குத் தெரியாததா? வந்தால் கண்ணு தெரியாது. நீ உன் லைன் பெண்களோடு சிரித்துக்கொண்டு இறங்கினாய். என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டியா?" என்று வாயைத் திறந்தாய். பட்டையை உன் காலடியில் எறிந்தேன். "கயித்தக் கட்டி எங்க ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தியா?" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவி, நிறுத்தவில்லை. "பெத்திருந்தாத்தானேடி உனக்குத் தெரியும்!" என்றேன்.

கல்யாணப் பேச்சு இரண்டு தடவை முறிந்து, தங்கை படிப்பு முடியட்டும் என்று உன் வாழ்க்கையைத் தள்ளி வைத்திருந்தவள் நீ. என் மகளுக்கு முதல் கொலுசு வாங்கிப் போட்டவள் நீ. உன்னைப் பார்த்து அதைச் சொன்னேன். உன் கூட வந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். நீ குனிந்து பட்டையை எடுத்தாய், தூசியைத் தட்டினாய், கைப்பையில் போட்டுக்கொண்டாய். நடந்து போய்விட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் அன்றைக்குத் தாளிக்கிற சத்தமே இல்லை.

கம்ப்யூட்டரைத் திரும்பச் சொருகப் பயம். கல்யாண மாசம் வேறு, அச்சுக்கடைக்காரர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நாள் நீ வரவில்லை. நானும் வரவில்லை. கோபம் மூன்றாவது நாளே போய்விட்டது, பிறகு மிச்சமிருந்தது வெறும் வீம்பு. உன் வாசலைத் தாண்டும்போது நடையை மெதுவாக்குவேன், கூப்பிட மாட்டாயா என்று. தப்பு செய்தவள் நான், கூப்பிட வேண்டியவள் நீயாம். என்ன திமிர் பார்.

பத்தாவது நாள் நீதான் வந்தாய். கேட்டுக்கு வெளியேயே நின்றாய், உள்ளே வா என்றதற்கு அசையவில்லை. "கேட்டுட்டேன்" என்றாய்.

"என்ன கேட்ட?"

"டெக்னீஷியன் கிட்ட. இது எதுக்கு கட்டுறோம்னு. சிரிக்கிறான்டி அவன். இத்தன வருஷம் வேல செஞ்சிட்டு இதுகூட தெரியாதான்னு."

அவன் சொன்னதை நீ எனக்கு ஒப்பித்தாய். நம் உடம்பில், துணியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கரண்ட் இருக்குமாம். நமக்கு அது ஒன்றும் செய்யாதாம். ஆனால் அந்தக் குட்டிச் சாமான்களை நாம் தொட்டால் அது பட்டு அவை செத்துப்போகுமாம். அதற்காகத்தான் நம்மைக் கட்டி வைக்கிறார்களாம். வயர்மேன் என்னிடம் சொன்னதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை, நீயாகப் போய் அதே பதிலோடு வந்து நின்றாய்.

"பதினோரு வருஷம்டி" என்றாய். "தெனமும் காலையில அத கட்டும்போது நெனச்சுக்குவேன். எவ்ளோ ஏசினாலும், டாய்லட் போக டைம் பாத்து அனுப்பினாலும், பரவால்ல, நம்ம உசிரு மேல அக்கற இருக்கறதாலதான கட்ட சொல்றாங்கன்னு. லைன்ல எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம். நம்மகிட்ட இருந்து சாமான காப்பாத்தத்தான் கட்டியிருக்காங்க. நாமதான்டி அங்க ஆபத்து."

அப்போதுதான் அழுதாய். நான் சொன்ன சொல்லுக்கு அழாதவள், அதற்கு அழுதாய். நான் கேட்டைத் திறந்து உன் கையைப் பிடித்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல அதுதான் நேரம். தொண்டை வரைக்கும் வந்தது. "தேத்தண்ணி கலக்கறேன், குடிச்சிட்டுப் போ" என்றுதான் வெளியே வந்தது. நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சீனி கம்மியா" என்றாய். அவ்வளவுதான், பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

நீ சும்மா இருக்கிற ஆளா? "எர்த் போடாம இந்தப் பெட்டிய நீ தொடக் கூடாது. போட வைக்கறது என் வேல" என்றாய். வீட்டுச் சொந்தக்காரர் எத்தனை தடவை கேட்டாலும், "முப்பது வருஷமா இந்த வயரிங்ல யாரும் சாகல லா" என்று தட்டிக் கழிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டாய். அச்சுக்கடைக்குப் போய் அங்கிருந்து சொந்தக்காரருக்குப் போன் போட்டு, கூரை ஒழுகுகிறது என்று பொய் சொல்லி வரவழைத்தாய். வெள்ளிக்கிழமை என்பதால் நான் வீடு துடைத்திருந்தேன், சிமெண்டுத் தரை இன்னும் ஈரம். பெட்டியை நீயே பழைய அடாப்டரில் சொருகி வைத்திருந்தாய். பளபளவென்று சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தார் மனுஷர். "அங்கிள், சாமி இருக்கிற இடம், சப்பாத்த கழட்டிட்டு வாங்க" என்று கைகூப்பினாய். காலுறையையும் சேர்த்துக் கழற்ற வைத்தாய், தரை ஈரமாம். பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "பொட்டி சூடா இருக்கா பாருங்க அங்கிள், தீப்பிடிச்சிடுமோன்னு பயமா இருக்கு" என்றாய். அவர் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் துள்ளிய துள்ளலில் சாமி மேடை மணி கிணுங்கியது. "என்னடி இது!" என்றார். நீ ரொம்பப் பணிவாக, "அது முப்பது வருஷ வயரிங் அங்கிள்" என்றாய்.

அடக்கிக்கொள்ள முடியாமல் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், ஏதாவது ஒன்று ஆகியிருந்தால்? நல்ல வேளை. அடுத்த வாரமே அந்தச் சீன வயர்மேன் வந்தார்.

பின்பக்கக் கால்வாய் ஓரம் செம்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கினார். பாதியில் கல் தட்டியது, இடம் மாற்றி அடித்தார், நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மூன்று ஓட்டை உள்ள சாக்கெட், கசிவு வந்தால் தானாக விழுகிற சுவிட்ச், எல்லாம் வைத்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. டெஸ்டரைப் பெட்டிமேல் வைத்தார். விளக்கு எரியவில்லை. "ஓக்கே, அக்கா" என்றார். எனக்குத் தொட தைரியம் வரவில்லை.

"தள்ளு, மொதல்ல நான்" என்றாய். காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, வெறுந்தரையில் நின்று, வலது கையை அந்த இரும்பில் முழுசாக வைத்தாய். வயர்மேன் திட்டினார். நீ கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்தாய். "ஒண்ணுமில்லடி. வா" என்று என் கையை இழுத்து உன் கைக்குப் பக்கத்தில் வைத்தாய். பெற்றிருந்தால்தானே தெரியும் என்று நான் எவளைச் சொன்னேனோ, அவள் எனக்கும் என் பிள்ளைக்கும் முன்னால் தன் கையை வைத்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் வந்தது, நீ ஏறிப் போனாய். அங்கே போய் அதே பட்டையைத்தான் திரும்பவும் கட்டியிருப்பாய். பிறகு பதினாறு வருஷம் கட்டினாய். நாங்கள் பூச்சோங்குக்கு வந்தோம், நீ தங்கையோடு கிள்ளானுக்குப் போனாய், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். உன் சிரிப்பைப் பார்த்ததும், பழசைக் கிளறுவானேன் என்று விட்டுவிடுவேன். அது உனக்காக விட்டது இல்லை, எனக்கு வெட்கம்.

கிள்ளானில் உன்னை வழியனுப்ப வந்த கூட்டத்தில் எனக்குத் தெரியாத பெண்கள் நிறையப் பேர். எல்லோரும் உன் லைன் பெண்கள். அதில் ஒருத்தி, நாற்பது வயசு இருக்கும், என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே பேசினாள்.

"ஆன்டி, நான் வேலைக்கு சேர்ந்த மொத நாளு அக்காதான் கையில காப்பு கட்டிவிட்டாங்க. இது சாமானுக்கு, உனக்கு இல்ல, உன்ன நீதான் பாத்துக்கணும்னு சொன்னாங்க. மெஷின் கடிச்சா மறைக்காத, கையத் தூக்கு, யாரு திட்டினாலும் எர்த் இருக்கான்னு கேளுன்னு சொன்னாங்க. புதுசா வர்ற ஒவ்வொருத்திக்கும் சொல்லுவாங்க. பங்களாதேஷ் பொண்ணுங்களுக்குக்கூட மலாய்ல சொல்லிக் குடுத்தாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"எப்படிக்கா ஒங்களுக்கு தெரிஞ்சதுன்னு கேட்டா, எனக்கு ஒரு கூட்டாளி இருக்கா, அவதான் எனக்கு கண்ணத் தொறந்துவிட்டான்னு சொல்லுவாங்க. அவ ஒருநாள் என்ன நல்லா திட்டினா, அவ திட்டலன்னா நான் கேட்டே இருக்கமாட்டேன்னு சிரிப்பாங்க. யாரு ஆன்டி அந்தக் கூட்டாளி? ஒங்களுக்கு தெரியுமா?"

உன் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் கேட்டாள். உன் முகத்தைப் பார்த்தேன். "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டேன்.

நான் திட்டினேன் என்பதோடு நீ நிறுத்திக்கொண்டாய். என்ன சொல்லித் திட்டினேன் என்று ஒருத்தியிடமும் சொல்லவில்லை. உன்னை அறுத்த அந்த ஒரு வரியை நீயே விழுங்கிவிட்டு, மீதியை எடுத்து அத்தனை பெண்களுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்தாய். என் பேரையும் கெடுக்கவில்லை. நானோ உன் கூட்டாளி நான் என்று சொல்லிக்கொள்ளக்கூட அன்றைக்கு வாயில்லாமல் நின்றேன். இந்த எட்டு மாசமும் பிளக்கைப் பிடுங்கும்போது உன் குரல் கேட்கிறது, எரிகிற அடுப்பை அணைக்கும்போது கேட்கிறது, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த "தெரியலம்மா"வும் கேட்கிறது.

நான்தான்டி அது. அந்தச் சொல்லைச் சொன்னவள் நான்தான். தப்பு, பெரிய தப்பு. மன்னிச்சுக்கோ.

அந்தப் பெண்ணின் எண்ணை உன் தங்கையிடம் வாங்கி வைத்திருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் கூப்பிடப் போகிறேன். அந்தக் கூட்டாளி நான்தான் என்று சொல்வேன். நீ அவளிடம் சொல்லாமல் விட்டதையும் நானே சொல்வேன்.